ஒரே தவறு, இரண்டு கல்லா: அமெரிக்கப் பேஸ்பால் நிர்வாகிகளின் கொள்முதல் கணக்கு



முதல் பெருத்தவரும் முதல் சிறுத்தவரும் ஒரே சந்தையில் கொள்முதலுக்கு நிற்கும்போது, சிறுத்தவர் எதை வாங்குவது, எதை விடுவது, எப்போது விற்பது? நம் தொழிலில் அன்றாடம் எழும் கேள்விதான் இது. எதிர்க் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் நம் கண்ணில் படாது என்பதால் அனுமானத்தில்தான் பதில் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத் தொழிலில் ஒவ்வொரு அணியும் யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தது, வருட முடிவில் எத்தனை ஆட்டம் வென்றது என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. அந்த வசதிக்காகவே இந்தப் பாடத்துக்கு அத்தொழிலை எடுத்துக்கொண்டேன். பேஸ்பால் தெரியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டியது மிகவும் கொஞ்சம்.

தொழிலின் அமைப்பு

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 30 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் முன்னணியில் நிற்பவை அக்டோபர் மாதத்தில் பட்டத்துக்காக மோதும். பந்து வீசுபவரை பிட்சர் என்பார்கள். அடிப்பவர் நான்கு தளங்களைச் சுற்றி வந்தால் ஒரு ரன். பிட்சர் எல்லை தவறி நான்கு பந்து வீசிவிட்டால், அடிப்பவர் மட்டையைச் சுழற்றாமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இந்த 'நடை' நம் கணக்கில் பிறகு வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தில் ஆட்டத்தை நடத்துபவர் வேறு, ஜெனரல் மேனேஜர் வேறு. பின்னவர் நம் பாஷையில் சொன்னால் கொள்முதல் முதலாளி. ஆட்டக்காரரை எடுப்பது, மாற்றிக்கொள்வது, சம்பளம் பேசுவது அவர் வேலை. அணியின் உரிமையாளர் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைக் குறித்துக் கொடுப்பார். மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வரி மட்டும் உண்டு. 2024-இல் அந்த அளவு 23.7 கோடி டாலர். தாண்டிய தொகைக்கு முதல் வருடம் 20 சதவீதம், தொடர்ந்து தாண்டினால் 30, பிறகு 50 என்று வரி ஏறும்.

இன்னொரு விதி முக்கியமானது. புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர் முதல் மூன்று வருடம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆடுவார். 2002-இல் அது 2 லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் நடுவர் முன் பேசி ஓரளவு உயர்வு பெறுவார். ஆறு வருடம் முடிந்தால்தான் சுதந்திரம், யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். ஆக, ஒரே சரக்கு ஆறு வருடம் அடக்க விலையிலும் அதன் பிறகு ஏல விலையிலும் கிடைக்கிறது. சிறிய கல்லாக்காரரின் பிழைப்பு முழுவதும் அந்த ஆறு வருடத்துக்குள்தான்.

ஒரே நிர்வாகி, இரண்டு பெட்டி

கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஓக்லண்ட் நகரம். அங்கிருந்த அத்லெடிக்ஸ் அணிக்கு வால்டர் ஹாஸ் என்பவர் உரிமையாளராக இருந்த காலத்தில் கை தாராளம். 1991-இல் எல்லா அணிகளிலும் அதிகச் சம்பளப் பட்டியல் ஓக்லண்டுடையதுதான். அப்போது ஜெனரல் மேனேஜர் சாண்டி ஆல்டர்சன். 1995-இல் ஹாஸ் காலமானார். புதிய உரிமையாளர்கள் செலவை இறுக்கிப் பிடித்தார்கள். ஆல்டர்சன் அதே நாற்காலியில்தான் இருந்தார், ஆனால் அவர் வாங்கும் சரக்கு மாறியது. பெயர் பெற்றவர்களை விட்டுவிட்டு, தளம் சேரத் தெரிந்தவர்களை, குறிப்பாகப் பொறுமையாக நின்று 'நடை' வாங்குபவர்களைத் தேடத் தொடங்கினார். பெட்டி நிறைந்திருந்தவரை அந்தத் தேடலுக்கு அவசரம் இருக்கவில்லை.

1997-இல் அவருடைய உதவியாளர் பில்லி பீன் அந்தப் பொறுப்புக்கு வந்தார். இவரும் ஒரு காலத்தில் பெரும் எதிர்பார்ப்போடு வாங்கப்பட்டு, ஆட்டக்காரராகச் சோபிக்காமல் போனவர். பார்வைக்கு நன்றாக இருக்கும் சரக்கை நம்பி வாங்குவதன் பலனை அவர் தன் உடம்பிலேயே கண்டிருந்தார் எனலாம்.

2002: மூன்று தூண்கள் போன வருடம்

2001-இல் ஓக்லண்ட் 102 ஆட்டம் வென்றது. வருட முடிவில் மூன்று பேர் ஏலத்துக்குப் போனார்கள். ஜேசன் ஜியாம்பியை நியூயார்க் யாங்கீஸ் 7 வருடத்துக்கு 12 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. ஜானி டேமனை பாஸ்டன் ரெட் சாக்ஸ் 4 வருடத்துக்கு 3.1 கோடி கொடுத்து எடுத்தது. ஜேசன் இஸ்ரிங்ஹாசன் 4 வருடம் 2.7 கோடிக்கு செயின்ட் லூயிஸ் போனார். ஓக்லண்டின் மொத்தச் சம்பளப் பட்டியலே அடுத்த வருடம் 4 கோடி அளவில்தான். ஜியாம்பி ஒருவருக்கே வருடத்துக்கு 1.7 கோடி.

பீன் போட்டிக்குப் போகவில்லை. போனவர்களுக்கு ஈடாக, விதிப்படி அந்த அணிகள் கொடுக்க வேண்டிய இளைஞர் தேர்வு வாய்ப்புகளை வாங்கிக்கொண்டார். 2002 தேர்வின் முதல் சுற்றில் ஓக்லண்டுக்கு 7 பேரை எடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. டேமனுக்கு ஈடாக வந்த நிக் ஸ்விஷரும், ஜியாம்பிக்கு ஈடாக வந்த ஜோ பிளாண்டனும் பிற்காலத்தில் நன்றாகவே ஆடினார்கள். ஏழில் மற்ற சிலர் கணக்கில் வரவே இல்லை. விதை நெல்லில் எல்லாமா முளைக்கிறது?

ஜியாம்பியின் இடத்துக்கு ஸ்காட் ஹாட்டபெர்க் வந்தார். இவர் கேட்சர், அதாவது பிட்சரின் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிபவர். முழங்கை நரம்பில் காயப்பட்டு அறுவைச் சிகிச்சை ஆனதால் பழையபடி எறிய முடியாது. சந்தை அவரை ஒதுக்கியது. பீன் பார்த்தது ஒன்றைத்தான்: இந்த ஆள் மட்டையோடு நிற்கத் தெரிந்தவர், தளம் சேர்வார். 10 லட்சம் டாலருக்கும் குறைவாகப் பேசி முடித்து, எறியும் வேலை குறைந்த முதல் தளத்தில் நிறுத்தினார். 2002-இல் ஹாட்டபெர்க் நூறு முறை மட்டையோடு நின்றால் 37 முறை தளம் சேர்ந்தார். 3.1 கோடிக்குப் போன டேமன் 2001-இல் ஓக்லண்டில் 32 முறைதான் சேர்ந்திருந்தார். டேமன் வேகமாக ஓடுபவர், காவல் செய்பவர், அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் கைவசம் உள்ள பணத்தில் எல்லாக் குணமும் உள்ள சரக்கு வாங்க முடியாதபோது, எந்த ஒரு குணத்துக்குக் காசு கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். மூட்டை கிழிந்திருந்தால் என்ன, உள்ளே பருப்பு உடையாமல் இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி.

அந்த ஆண்டு ஓக்லண்ட் தொடர்ச்சியாக 20 ஆட்டம் வென்றது. 20-ஆவது வெற்றி செப்டம்பர் 4-ஆம் தேதி கான்சாஸ் சிட்டிக்கு எதிராக. 11-0 என்று முன்னிலை பெற்று, அதைக் கோட்டைவிட்டு 11-11 ஆகி, கடைசியில் ஹாட்டபெர்க் அடித்த அடியில் 12-11. வருட முடிவில் ஓக்லண்டுக்கு 103 வெற்றி. சுமார் 12.5 கோடி செலவழித்த யாங்கீஸுக்கும் 103 வெற்றி. ஒரு வெற்றியின் அடக்க விலை யாங்கீஸுக்கு 12 லட்சம், ஓக்லண்டுக்கு 4 லட்சத்தைச் சுற்றி. அக்டோபரில் இருவருமே முதல் கட்டத்திலேயே தோற்றார்கள் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இந்தக் கதை 2003-இல் 'மணிபால்' என்ற புத்தகமாகவும் 2011-இல் படமாகவும் வந்து உலகம் சுற்றியது. படம் பார்த்தவர்கள் ஹாட்டபெர்க்கை நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் படத்தில் சரியாக வராத ஒன்று உண்டு. ஓக்லண்டின் உண்மையான லாபம் பேரி ஜிட்டோ, டிம் ஹட்சன், மார்க் மல்டர் என்ற மூன்று இளம் பிட்சர்கள். அந்த வருடத்தின் சிறந்த பிட்சர் விருது ஜிட்டோவுக்கு. மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அதே அணியின் மிகேல் தெஹாடாவுக்கு. நால்வரும் சுதந்திரம் பெறாத ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். கழிவுச் சரக்கில் லாபம் பார்த்த கதை சுவையாக இருக்கிறது என்பதற்காக, தன் தோட்டத்தில் விளைந்த சரக்கை நாம் மறந்துவிடக் கூடாது.

முத்திரைக்கு விலை

பீன் செய்த கொள்முதல்களில் நம்மவர்கள் பென்சிலால் அடிக்கோடிட வேண்டியது 'க்ளோசர்' வியாபாரம். வெற்றி நிலையில் இருக்கும் ஆட்டத்தின் கடைசிப் பகுதியை முடித்துக் கொடுக்கும் பிட்சருக்கு அந்தப் பெயர். ஒவ்வொரு முறை முடித்துக் கொடுத்ததும் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். சேவ் ஏற ஏற விலை ஏறும். அந்த வேலையில் யாரை நிறுத்தினாலும் சுமாரான திறமை இருந்தால் சேவ் ஏறிவிடும் என்று பீன் கணித்தார்.

1999 ஜூலையில் தன் க்ளோசர் பில்லி டெய்லரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து, அங்கே காயத்தால் ஒதுங்கியிருந்த இஸ்ரிங்ஹாசனை வாங்கினார். டெய்லர் மெட்ஸில் எடுபடவில்லை. இஸ்ரிங்ஹாசன் ஓக்லண்டில் க்ளோசராகி, 2.7 கோடிக்கு உயர்ந்து, செயின்ட் லூயிஸ் போனதை மேலே கண்டோம். அவர் இடத்துக்கு டொரான்டோவிலிருந்து பில்லி காக். 2002-இல் 44 சேவ். அந்த டிசம்பரிலேயே காக்கை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாற்றி, கீத் ஃபோல்க்கை எடுத்தார். அடுத்த வருடம் காக் சரிந்தார், ஃபோல்க் 43 சேவ். பிறகு ஃபோல்க்கும் ஏலத்துக்குப் போனார். நான்கு பேர், ஐந்து வருடம், ஒரே நாற்காலி. லேபிள் ஒட்டி விலை ஏற்றி விற்றுவிட்டு, லேபிள் இல்லாததை வாங்கி மறுபடி லேபிள் ஒட்டினார்.

இதற்கும் கூலி உண்டு. காக்கை வாங்க அவர் கொடுத்த எரிக் ஹின்ஸ்கே 2002-இல் சிறந்த புதுமுக விருதே வாங்கிவிட்டார். கூலி வேறு விதமாகவும் விழும். அதே 2002 ஜூலையில் ரிக்கார்டோ ரிங்கான் என்ற பிட்சரை எடுத்தபோது, இடம் காலி செய்ய மைக் மக்னான்டியை வெளியேற்ற வேண்டியிருந்தது. மக்னான்டிக்கு முழு ஓய்வூதியத்துக்கான 10 வருடச் சேவை நிறைவேறச் சில நாட்களே பாக்கி. பெரிய கல்லாவில் அந்தச் சில நாள் சம்பளம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மலிவுச் சரக்கின் ரகசியம் எத்தனை நாள்?

2002 நவம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பீனையே விலைக்குக் கேட்டது. 5 வருடத்துக்கு 1.25 கோடி டாலர். முதலில் ஒப்புக்கொண்டு பிறகு மறுத்துவிட்டார். பாஸ்டன் 28 வயது தியோ எப்ஸ்டீனை நியமித்து, புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸையும் சேர்த்துக்கொண்டு, அதே மாதிரிக் கணக்கைப் பெரிய பணத்தோடு போட்டது. 2004-இல், 86 வருடத்துக்குப் பிறகு, பாஸ்டனுக்குப் பட்டம். கடைசி ஆட்டத்தைப் பந்து வீசி முடித்தவர் யார் தெரியுமா? ஓக்லண்டிலிருந்து ஏலத்தில் போன அதே கீத் ஃபோல்க்.

எல்லாரும் 'நடை' வாங்குபவரைத் தேட ஆரம்பித்ததும் அந்தச் சரக்கும் மலிவாக இல்லை. சிறியவர்கள் வேறு சந்து தேடினார்கள். தம்பா பே அணி 2008 ஏப்ரலில் இவான் லாங்கோரியா என்ற இளைஞர் ஆட வந்து ஒரு வாரம் முடிவதற்குள் 6 வருடத்துக்கு 1.75 கோடி டாலர் என்று உறுதி செய்து, அதற்கு மேலும் சில வருடம் நீட்டிக்கும் உரிமையை வாங்கி வைத்துக்கொண்டது. இளைஞருக்கு நிச்சயமான பணம், அணிக்கு நிச்சயமான விலை. வயலில் நிற்கும்போதே விலை பேசும் நம் ஊர் வழக்கந்தான். அந்த வருடம் 4.4 கோடி அளவுப் பட்டியலோடு தம்பா 97 வெற்றி பெற்று இறுதிப் போட்டிவரை சென்றது. சுமார் 21 கோடி செலவழித்த யாங்கீஸ் அக்டோபரையே எட்டவில்லை. அந்தத் தம்பா நிர்வாகி ஆண்ட்ரூ ஃப்ரீட்மேனையும் 2014-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அழைத்துக்கொண்டது.

பெரிய கல்லாவின் போக்கு

பணம் இருந்தால் எல்லாம் நடக்குமா என்றால் அதுவும் இல்லை. 2023-இல் நியூயார்க் மெட்ஸ் 35 கோடி டாலர் பட்டியலோடு ஆரம்பித்து 75 ஆட்டந்தான் வென்றது. வரி மட்டும் சுமார் 10 கோடி. அதே வருடம் ஓக்லண்டின் முழுப் பட்டியலே 6 கோடி அளவு. (அந்த 6 கோடிக்கு 112 தோல்வி. சிறிய கல்லா என்றாலே சாமர்த்தியம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.)

மெட்ஸ் அடுத்துச் செய்தது கவனிக்கத்தக்கது. வயது முதிர்ந்த பிட்சர்கள் ஷெர்சரையும் வெர்லாண்டரையும் பருவ நடுவிலேயே விற்றது. மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானே கட்டுவதாகச் சொல்லி, அதற்குப் பதில் நல்ல இளைஞர்களாகக் கேட்டு வாங்கியது. பணத்தைக் கொடுத்து எதிர்காலத்தை வாங்குவது சிறியவரால் ஆகாத காரியம். ஓக்லண்ட் இளைஞர்களைப் பெற வேண்டுமானால் நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரையே கொடுக்க வேண்டும். 2004 டிசம்பரில் ஹட்சனையும் மல்டரையும் அப்படித்தான் கொடுத்தார்கள். மல்டருக்கு ஈடாக வந்த டேன் ஹேரன் பெரிய லாபம், மல்டரோ தோள் காயத்தில் முடங்கினார். ஹட்சனுக்கு ஈடாக வந்த மூவரும் தேறவில்லை, ஹட்சன் பத்து வருடம் வீசினார். ஒன்று லாபம், ஒன்று நஷ்டம்.

தவணையிலும் பெரியவருக்குத் தனி வழி உண்டு. 2000-இல் மெட்ஸ் பாபி பொனியா என்பவரை நீக்கியபோது கொடுக்க வேண்டிய பாக்கி 59 லட்சம் டாலர். உடனே கட்டாமல் 8 சதவீத வட்டி ஏற்றி, 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் சுமார் 11.9 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 3 கோடி. ஊரே சிரித்தது. ஆனால் அந்த 2000-ஆம் வருடம் கையில் பணம் மிஞ்சியது, அணி இறுதிப் போட்டிவரை போனது. 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் ஷோஹேய் ஒடானியை 10 வருடம் 70 கோடிக்கு எடுத்தபோது 68 கோடி பிற்காலத் தவணை, அதுவும் வட்டியில்லாமல். நாணயம் உள்ள பெரிய கடைக்குத்தான் அப்படிக் கடன் கிடைக்கும்.

தவறின் விலை

ஒரு வருடம் கொத்தமல்லி ஏறும் என்று நம்பி நான் 60 மூட்டை எடுத்தேன். தெருவில் பெரிய மண்டி வைத்திருந்தவரும் எடுத்தார். விலை விழுந்தது, இருவருக்கும் நஷ்டம். விகிதம் போட்டுப் பார்த்தால் அவர் போட்ட முதலில் ஐந்தில் ஒரு பங்கு, என்னுடையதிலும் அப்படித்தான். ஆனால் அடுத்த மாதம் மிளகாய் மலிவாக வந்தபோது அவர் லோடு இறக்கினார், நான் வேடிக்கை பார்த்தேன். விகிதத்தில் ஒன்று, மீதியில் வேறு.

ஓக்லண்டுக்கு எதிர்க் கரையில் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ். ஓக்லண்டின் ஜிட்டோவை 2006 டிசம்பரில் அவர்கள் 7 வருடம் 12.6 கோடிக்கு எடுத்தார்கள். ஒரு பிட்சருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. ஜிட்டோ அங்கே 63 வெற்றி, 80 தோல்வி. 2010 அக்டோபரில் ஆடும் பட்டியலிலேயே அவரைச் சேர்க்கவில்லை. அப்படியும் அந்த வருடம் ஜயன்ட்ஸுக்குப் பட்டம். பட்டியல் சுமார் 10 கோடி, ஜிட்டோவுக்குப் போனது 2 கோடிக்குச் சற்றுக் குறைவு, மீதி 8 கோடி மற்றவர்களுக்கு இருந்தது. 2012-இல் ஜிட்டோவே அக்டோபரில் அருமையாக வீசி இரண்டாவது பட்டத்துக்கு உதவினார். பெரிய கல்லாவால் காத்திருக்கவும் முடிந்தது.

இந்தக் கரையில் ஓக்லண்ட், தன் நட்சத்திரங்களில் ஒருவரையாவது வைத்துக்கொள்வோம் என்று 2004-இல் எரிக் சாவேஸைத் தேர்ந்தெடுத்தது. 6 வருடம், 6.6 கோடி டாலர். தெஹாடாவை 7.2 கோடிக்கு பால்டிமோர் கொண்டுபோக விட்டுவிட்டு எடுத்த முடிவு. சாவேஸ் தவறான ஆள் அல்ல. இளையவர், காவலில் விருது பெற்றவர், தளம் சேரத் தெரிந்தவர். ஓக்லண்டின் எல்லாக் கணக்குக்கும் பொருந்தியவர். சில வருடம் நன்றாகவே ஆடினார். பிறகு தோளும் முதுகும் கைவிட்டன. 2008-இல் 23 ஆட்டம், 2009-இல் 8, 2010-இல் 33. பட்டியல் 6 கோடி அளவில் இருந்த நாட்களில் அவருக்கு மட்டும் வருடம் 1 கோடிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. விகிதத்தில் ஜிட்டோவுக்குப் போனதற்கு வெகு தூரமில்லை. மீதி 5 கோடி. 2007 முதல் 2011 வரை ஓக்லண்ட் ஒரு வருடங்கூட பாதிக்கு மேல் வெல்லவில்லை. அதற்குச் சாவேஸ் ஒருவரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்துக்கு இன்னொருவரை வாங்கிப் போட அவர்களிடம் பணம் இல்லை என்பதைச் சொல்லலாம்.

அணி 2024 செப்டம்பர் 26-இல் ஓக்லண்டில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு, லாஸ் வேகாஸில் புது மைதானம் தயாராகும்வரை தங்க சாக்ரமென்டோ பக்கம் பெட்டி படுக்கையோடு கிளம்பியது. அந்த டிசம்பரில் லூயிஸ் செவெரினோ என்ற பிட்சரை 3 வருடத்துக்கு 6.7 கோடிக்கு எடுத்தார்கள். அணியின் வரலாற்றில் அதுவரை கொடுத்த தொகைகளில் அதுதான் பெரியது. அதற்கு முந்தைய பெரிய தொகை சாவேஸுடையது. இரண்டுக்கும் இடையே 20 வருடம், 10 லட்சம் டாலர் வித்தியாசம்.